கல்யாண் முதல் நாய்காவ் வரை: பழைய வணிகப் பாதையில் மகளோடு ஒரு பயணம் – முழுமையான வழிகாட்டி

நாணேகாட் குகையின் பின்சுவரில் ஒரு காலத்தில் ஆளுயரச் சிற்பங்கள் வரிசையாக நின்றன. இன்று பாதங்களின் தடயம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆனால் அந்த உருவங்களின் தலைக்கு மேலே செதுக்கிய பெயர்கள் அழியவில்லை. அவற்றுள் ஒன்று, பிராமி எழுத்திலும் பிராகிருத மொழியிலுமாக, ‘தேவி நாயனிகாவும் அரசர் ஸ்ரீ சாதகர்ணியும்’ என்கிறது. அரசியின் பெயர் முதலில் வருகிறது, அரசரின் பெயர் அடுத்து வருகிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இதைக் காட்ட வேண்டும் என்பதற்காகவே நான் முதன்முதலில் இந்தப் பாதையைத் தேடிப் போனேன்.

பாதை இதுதான். மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில் கல்யாண் துறைமுகம். கிழக்கே சுவர்போல் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை. அந்தச் சுவரில் ஒரு பிளவாக நாணேகாட் கணவாய். மேலே ஏறினால் ஜுன்னர் நகரம். அங்கிருந்து வணிகர்கள் கோதாவரிக் கரையில் இருந்த, அன்று தக்காணத்தை ஆண்ட சாதவாகனரின் தலைநகரான பைத்தானுக்கும், அதற்கு அப்பால் தேர் என்ற நகருக்கும் போனார்கள். நாம் ஜுன்னரில் தெற்கே திரும்பி, 1848-இல் சாவித்திரிபாய் பூலே பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிய புனேவுக்கும், அவர் பிறந்த நாய்காவுக்கும் போகிறோம். ஆறு நாள் போதும். ஐந்து நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மலை ஏறிய மறுநாள் கால்கள் ஒத்துழைக்காது.

புறப்படும் முன்

அரையாண்டுத் தேர்வு விடுமுறைதான் இதற்குப் பொருத்தமான காலம். டிசம்பர் கடைசி வாரத்தில் மலையில் வெயில் கடுமையாக இருக்காது, பாறையில் வழுக்காது. பயணத்தை ஜனவரி 3 அன்று நாய்காவில் முடிக்கும்படி திட்டமிடுங்கள். அது சாவித்திரிபாயின் பிறந்த நாள். மழைக்காலத்தில் நாணேகாட் அருவியைக் காற்று மேல்நோக்கி வீசியடிக்கும் காட்சி பேர்பெற்றது. அதைப் பார்க்கப் பெருங்கூட்டம் வரும். குழந்தைகளோடு ஏறுவதற்கு அந்தக் காலம் வேண்டாம். அருகிலுள்ள மால்ஷேஜ் காட் சாலையில் கற்கள் உருண்டு போக்குவரத்து நிற்பதும் அப்போதுதான்.

சென்னையிலிருந்து மும்பைக்குப் போகும் ரயில்கள் பல கல்யாணில் நிற்கின்றன. ஏறக்குறைய ஒரு முழு நாள் பயணம். லோணாவளாவைத் தாண்டியதும் ரயில் போர் காட் மலைச்சரிவில் சுரங்கம் சுரங்கமாகப் புகுந்து இறங்கும். இந்த இருப்புப்பாதை 1863-இல் திறக்கப்பட்டது. ஆனால் போர் காட் அதற்கு இரண்டாயிரம் ஆண்டு முன்பே நாணேகாட்டைப் போல ஒரு வணிகக் கணவாய். ஆகவே ஜன்னல் இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கிளம்பும் முன் தேவநாகரி எண்களைப் பத்து நிமிடம் ஒதுக்கிப் படித்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிர அரசு பஸ்ஸை அங்கே ‘எஸ்.டி.’ என்பார்கள், சிவப்பு பஸ்ஸுக்கு ‘லால் பரி’ என்று செல்லப்பெயரும் உண்டு. ஊர்ப்பலகை, நேர அட்டவணை எல்லாம் பெரும்பாலும் மராத்தியில்தான் இருக்கும். எண்கள் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். இந்த எண்களுக்கும் நாம் ஏறப்போகும் குகைக்கும் ஓர் உறவு இருக்கிறது, அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

2023 மார்ச் முதல் எஸ்.டி. பஸ்களில் பெண்களுக்கு அரைக் கட்டணம். ஆதார் அட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பிடிமானமுள்ள காலணி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு டார்ச் அவசியம். கணவாய்ப் பகுதியில் செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம்.

முதல் நாள்: கல்யாண்

கல்யாண் இன்று நெரிசலான புறநகர் ரயில் சந்திப்பு. இறங்கியதும் ‘இதுவா பழைய துறைமுகம்?’ என்றுதான் தோன்றும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய எரித்ரியக் கடல் வழிகாட்டியில் இந்த ஊர் ‘கல்லியேனா’. முன்பு முறையான சந்தைத் துறைமுகமாக இருந்தது என்றும், ஆட்சி கைமாறியபின் அங்கே வரும் கிரேக்கக் கப்பல்களைக் காவலோடு குஜராத்தின் பரூச் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள் என்றும் அவர் எழுதுகிறார். அதே நூல்தான் நம் முசிறியையும் சோழக் கடற்கரைத் துறைமுகங்களையும் சொல்கிறது. மாலையில் துர்காடி கோட்டைக்குப் போய் உல்லாஸ் கழிமுகத்தைப் பாருங்கள். சரக்கு வந்து இறங்கிய நீர்வழி இதுதான் என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

இந்த ஊருக்கு இன்னொரு மகளும் உண்டு. ஆனந்திபாய் ஜோஷி 1865-இல் கல்யாணில் ஒரு குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் திருமணம். பதினான்கு வயதில் பெற்ற குழந்தை, மருத்துவ வசதி இல்லாததால் பத்தே நாளில் இறந்தது. அந்தத் துக்கத்தில்தான் மருத்துவம் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். 1883-இல் கல்கத்தாவில் கப்பலேறி அமெரிக்கா போய், 1886-இல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மறு ஆண்டு பிப்ரவரியில் புனேவில் காலமானபோது அவருக்கு 22 வயது நிறையவில்லை. இதை விடுதி அறையில் சொல்லாதீர்கள், கழிமுகக் கரையில் நின்று சொல்லுங்கள். என் மகள் ‘பதினான்கா?’ என்று ஒரே ஒரு சொல் கேட்டாள். அவளுக்கு அப்போது அதே வயது.

இரண்டாம் நாள்: மலையேற்றம்

இருட்டு விலகும் முன்பே கிளம்புங்கள். கல்யாண் பஸ் நிலையம் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. முர்பாட் வழியாக ஜுன்னர், ஆளேபாட்டா, அஹில்யாநகர் (பழைய அகமதுநகர்) பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, வைஷாக்கரே ஊர் தாண்டி நாணேகாட் பலகை இருக்கும் இடத்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள். ‘நாணேகாட்டாலா உத்தராய்ச்ச ஆஹே’ என்று நடத்துநரிடம் சொன்னால் போதும். தூரம் சுமார் 60 கிலோமீட்டர்.

முதலில் காட்டுவழி, பிறகு ஏற்றம். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். எதிரே கட்டைவிரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையைக் குறிவைத்து நடக்க வேண்டும். கடைசிப் பகுதியில் கல் பாவிய படிகள் வரும். பொதி சுமந்த விலங்குகளும் மனிதர்களும் நூற்றாண்டுகளாக மிதித்துத் தேய்த்த கற்கள் இவை. இங்கே வேகம் காட்டாமல், பிள்ளைகளை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் ஏறுங்கள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே குகை. அங்கேதான் நீளமான கல்வெட்டு இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பொதுவான கணிப்பு. தர்மனுக்கும் இந்திரனுக்கும் சங்கர்ஷண வாசுதேவருக்கும் வணக்கம் சொல்லித் தொடங்கி, செய்த வேள்விகளையும் கொடுத்த தானங்களையும் அது அடுக்குகிறது. பசுக்கள், குதிரைகள், யானைகள், கார்ஷாபணக் காசுகள். தானம் என்றால் கணக்கு வேண்டுமே! அதனால்தான் இந்தச் சுவர் கணித வரலாற்றிலும் இடம் பிடித்தது. பிராமி எண்குறிகள் இவ்வளவு நிறைய ஒரே இடத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று. ஒன்றுக்கு ஒரு கிடைக்கோடு, இரண்டுக்கு இரண்டு கிடைக்கோடு. பத்துக்குத் தனிக்குறி, நூறுக்குத் தனிக்குறி, ஆயிரத்துக்குத் தனிக்குறி. பூஜ்யம் கிடையாது, இட மதிப்பும் கிடையாது. காலையில் பஸ் பலகையில் தட்டுத்தடுமாறிப் படித்தீர்களே, அந்த எண்களின் முன்னோர்கள் இவை. உலகம் முழுவதும் இன்று எழுதும் 1, 2, 3-உம் இதே குடும்பத்தின் வழிவந்தவைதான்.

எழுத்துகள் மிகவும் தேய்ந்திருக்கின்றன. நேர் வெயிலில் ஒன்றும் தெரியாது. டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். சுவரைத் தொட வேண்டாம். என் மகள் விரலைக் காற்றில் நகர்த்தி, ஒவ்வொரு கோடாகப் பின்பற்றிக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். இரண்டு கிடைக்கோடுகளைக் கண்டுபிடித்தபோது அவள் போட்ட கூச்சல் குகை முழுக்க எதிரொலித்தது.

கல்வெட்டில் பேசப்படும் அரசிதான் நாயனிகா, நாகனிகா என்றும் சொல்வார்கள். மகாரதி என்ற பட்டம் தாங்கிய ஒரு தலைவரின் மகள், சாதவாகன அரசர் சாதகர்ணியின் மனைவி, வேதிசிரியின் தாய். மாதக்கணக்கில் நோன்பிருந்தவர், வீட்டிலேயே தவம் செய்தவர் என்று கல்வெட்டு அவரைப் பற்றிச் சொல்கிறது. கணவர் மறைந்தபின் இளம் மகனுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர் என்று வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நாலாம் நாள் நாம் போகப்போகும் புனேயில், 19-ஆம் நூற்றாண்டில், பெண் எழுத்தைத் தொட்டால் கணவன் செத்துப்போவான் என்று நம்பினார்கள். எழுத்தறிவுக்குத் தண்டனையாகக் காட்டிய அதே கைம்மைக் கோலத்தில் இருந்த ஓர் அரசியின் சாசனம், தங்களுக்கு மேலே உள்ள மலையில் இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? வில்லியம் சைக்ஸ் 1828-இல் இந்தக் குகையைப் பதிவு செய்த பிறகும் அது அறிஞர்களின் செய்தியாகவே இருந்தது.

குகையைத் தாண்டி உச்சிக்கு வந்தால் ஒரு பெரிய கல் ஜாடி. இங்கே சுங்கம் வாங்கிய காசுகளை இதில் போட்டார்கள் என்பது ஊர் வழக்கு. மராத்தியில் ‘நாணே’ என்றால் காசு. நம் ‘நாணயம்’ என்ற சொல்லும் அதற்கு உறவுதான். காசு என்றதும் நமக்குச் சொந்தமான ஒரு செய்தி உண்டு. பிற்காலச் சாதவாகனர் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் தமிழ் என்று அறிஞர்கள் பலர் வாசிக்கும் தென்மொழி. சேரன் செங்குட்டுவனுக்கு நண்பர்களாகச் சிலப்பதிகாரம் சொல்லும் ‘நூற்றுவர் கன்னர்’ இந்தச் சாதகர்ணிகளே என்றும் கருதுகிறார்கள்.

உச்சியிலிருந்து காட்கர் கிராமம் வழியாக ஜுன்னருக்குத் தார்ச்சாலை இருக்கிறது, சுமார் 30 கிலோமீட்டர். பஸ் மிகக் குறைவு. முதல் நாளே ஜுன்னர் விடுதியில் பேசி ஒரு ஜீப்பை மேலே வரச் சொல்லிவிடுவது நல்லது. மாலை நாலு மணிக்கு மேல் அங்கே நின்று வண்டி தேடுவது வேண்டாம்.

மூன்றாம் நாள்: ஜுன்னர், அதன் பஸ் நிலையம்

ஜுன்னரைச் சுற்றி 200-க்கும் மேற்பட்ட குடைவரைகள் உள்ளன. எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். லேண்யாத்ரி ஒன்று போதும். சுமார் 300 படிகள், நுழைவுச்சீட்டு உண்டு, குரங்குகள் உண்டு. அஷ்டவிநாயகர் தலங்களுள் ஒன்று இங்கே ஒரு பழைய பௌத்த விகாரைக்குள்ளேயே இருக்கிறது. ஜுன்னர்க் குகைக் கல்வெட்டுகளில் மூங்கில் வேலை செய்வோர், வெண்கலக் கன்னார், தானிய வணிகர் ஆகியோரின் குழுக்கள் வருகின்றன. தண்ணீர்த் தொட்டியும் உணவுக்கூடமும் கொடுத்த யவனர்களும் வருகிறார்கள். மிளகுக்குப் பொன் கொடுத்ததாகச் சங்கப் பாடல் சொல்கிறதே, அதே யவனர் என்ற சொல். சிவாஜி பிறந்த சிவநேரி கோட்டையும் ஊருக்கு மேலேயே இருக்கிறது, தெம்பு இருந்தால் ஏறுங்கள்.

ஆனால் இந்த நாளின் முக்கியமான வேலை எதுவென்று கேட்டால், மாலையில் பள்ளி விடும் நேரத்தில் ஜுன்னர் பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்வது என்பேன்.

மலையடிவாரக் கிராமங்களில், குறிப்பாக மகாதேவ் கோளி, டாக்கர் பழங்குடியினரின் சிற்றூர்களில், உள்ளூர்ப் பள்ளி பெரும்பாலும் நான்காம் வகுப்போடு முடிந்துவிடும். ஐந்தாம் வகுப்பு என்றால் ஊர் விட்டு ஊர் போக வேண்டும், அல்லது அரசின் ஆசிரமப் பள்ளியில் தங்கிப் படிக்க வேண்டும். பையனைச் சைக்கிளில் அனுப்பிவிடும் வீடு, பெண்ணை யோசித்துத்தான் அனுப்பும். பெண் குழந்தையின் படிப்பு நிற்பது அவளுக்குப் பாடம் ஏறாததால் இல்லை. நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே ஒரு சாலை கிடக்கிறது, அதில் பாதுகாப்பாகப் போய்வர ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை. இதைப் புரிந்துகொண்ட திட்டம்தான் அஹில்யாபாய் ஹோல்கர் பெயரில் எஸ்.டி. பஸ்களில் கிராமப்புற மாணவிகளுக்கு வழங்கும் இலவச பாஸ். அது ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்குவது தற்செயல் இல்லை.

நாங்கள் ஏறிய பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கையில் ஒரு மாணவி. நீலச் சுடிதார், இரட்டைப் பின்னல். பாஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்துக் கயிற்றில் கட்டியிருந்தாள். நடத்துநர் அதைப் பார்க்கவே இல்லை, தலையை மட்டும் அசைத்தார். தினமும் பார்க்கும் முகம் போலும். வீடு எதுவும் கண்ணில் படாத ஒரு வளைவில் அவள் மணிக்கயிற்றை இழுத்தாள். இறங்கி, வயல் வரப்பில் ஏறி, மலைப் பக்கம் நடந்தாள். என் மகள் பின் ஜன்னலுக்கு ஓடிப்போய், அவள் ஒரு புள்ளியாகி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதவ விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வழியில் பார்க்கும் பிள்ளைகளுக்கு மிட்டாயும் பேனாவும் அள்ளிக் கொடுக்காதீர்கள், அது கையேந்தும் பழக்கத்தைத்தான் வளர்க்கும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கிராமப் பள்ளித் தலைமையாசிரியரைச் சந்தித்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். மராத்திக் கதைப்புத்தகங்களோ மழைக்கோட்டுகளோ கேட்கலாம். கேட்டதைப் பிறகு அனுப்பி வையுங்கள். பாட வேளையில் நுழைந்து வகுப்பைக் கலைக்க வேண்டாம்.

நான்காம், ஐந்தாம் நாள்: புனே

ஜுன்னரிலிருந்து நாராயண்காவ் வழியாகப் புனேவுக்கு மூன்று மணி நேரம். நாராயண்காவ் அருகே கோடத் கிராமத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்கள் கொண்ட ரேடியோ தொலைநோக்கி நிலையம் இருக்கிறது. அறிவியலில் நாட்டமுள்ள பிள்ளையானால் முன்கூட்டியே அனுமதி விசாரித்து வையுங்கள்.

புனேவில் முதலில் புத்வார் பேட்டை, தகடூசேட் கணபதி கோயில். கோயிலுக்கு எதிரேதான் பிடே வாடா இருந்தது. ஜோதிராவ் பூலேவும் அவர் மனைவி சாவித்திரிபாயும் 1848-இல் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிய வீடு. மிஷனரிகள் அதற்கு முன்பே பம்பாயிலும் அகமதுநகரிலும் பெண்களுக்குப் பள்ளி நடத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டவர் தாமே தொடங்கி, நம் நாட்டுப் பெண்ணே ஆசிரியையாக நின்று நடத்தியது என்பதுதான் இதன் சிறப்பு. பழைய கட்டடத்தைத் தேடாதீர்கள். சிதிலமடைந்து, வழக்குகளில் சிக்கி, நினைவகம் எழுப்புவதற்காக 2023 டிசம்பரில் அது இடிக்கப்பட்டது. அந்தச் சுவர்களைத் தாங்கிப் பிடித்துக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஆனால் அந்தத் தெரு இருக்கிறது. அங்கிருந்து கஞ்ச் பேட்டையில் உள்ள பூலே வாடாவுக்கு ஆட்டோவில் போகாதீர்கள், நடந்து போங்கள். பள்ளிக்குப் போகும் வழியில் சாவித்திரிபாய் மேல் சாணியையும் மண்ணையும் வீசினார்கள். பையில் இன்னொரு சேலை எடுத்துப்போய், பள்ளியில் மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார் என்று சொல்வார்கள். அப்போது அவருக்கு வயது 17. மாமனார் வீட்டைவிட்டு வெளியேற்றியபோது இடம் கொடுத்தவர் உஸ்மான் ஷேக். சாவித்திரிபாயோடு பணியாற்றியவராக, உஸ்மானின் சகோதரி எனப்படும் பாத்திமா ஷேக்கின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். 1851 முடிவில் மூன்று பள்ளிகளில் ஏறக்குறைய 150 மாணவிகள்.

அந்த மாணவிகளில் ஒருத்தி முக்தா சால்வே. தீண்டாமைக்கு ஆளான மாங் சாதியில் பிறந்தவள். மூன்றே ஆண்டு படித்தவள், பதினான்கு வயதில் மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 1855-இல் ஞானோதயா இதழில் அது அச்சானது. பூலே வாடாவின் முற்றத்தில் ஜோதிராவ் நினைவிடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பேசுங்கள். கல்யாணில் பதினான்கு வயது ஒரு மரணத்தைச் சொன்னது. இங்கே அதே வயது ஒரு கட்டுரையைச் சொல்கிறது.

1897-இல் பிளேக் பரவியபோது, புனேவை அடுத்த முண்ட்வாவில் நோயில் விழுந்த ஒரு சிறுவனைச் சாவித்திரிபாய் தம் முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். புனே பல்கலைக்கழகம் 2014 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஐந்தாம் நாளைக் கார்லா பௌத்தக் குகைகளுக்கு ஒதுக்குங்கள். லோணாவளா லோக்கல் ரயிலில் மளவ்லி நிலையத்தில் இறங்கினால் ஒரு பக்கம் பாஜா குகைகள், மறுபக்கம் கார்லா. கார்லாவின் சைத்தியம், அதாவது பௌத்த வழிபாட்டுக் கூடம், 45 மீட்டர் நீளம், இந்தியக் குடைவரைச் சைத்தியங்களில் மிகப் பெரியது. கூரையின் மரவிட்டங்கள் குகையைக் குடைந்த காலத்தவை. தூண்களிலும் சுவரிலும் கொடுத்தவர்களின் பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. வணிகர், தச்சர், யவனர், அவர்களோடு பிக்குணிகள். சொந்தமாகக் கொடுக்கப் பொருளும், கல்லில் பொறிக்கப் பெயரும் அவர்களுக்கு இருந்தன.

ஆறாம் நாள்: நாய்காவ்

புனே ஸ்வார்கேட் நிலையத்திலிருந்து சாதாரா பஸ்ஸில் ஷிர்வளில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் நாய்காவ். 1831-இல் சாவித்திரிபாய் பிறந்த வீட்டைப் புதுப்பித்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள். மற்ற நாட்களில் அமைதியான ஊர். ஜனவரி 3 அன்று பள்ளிப் பிள்ளைகள் வந்து குவிவார்கள். சின்னஞ்சிறு பெண்கள் பெரியவர்களின் சேலையை மராத்தி முறையில் சுற்றிக்கொண்டு, நெற்றியில் பெரிய குங்குமம் வைத்து, கையில் சிலேட்டோடு சாவித்திரிபாயாக வருவார்கள். சேலை அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடப்பார்கள்.

காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மதியத்துக்கு மேல் ஷிர்வளுக்குத் திரும்பும் வண்டிகளில் இடம் கிடைப்பது கடினம். முன் வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் ஏறட்டும், நீங்கள் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள்.